காந்தப்பாயம் கணக்கிடுவது எப்படி? பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடத்தைத் தொடங்கியவுடனே காந்தப்பாயம் வந்துவிடும். சூத்திரம் ஒரே வரிதான். புலத்தைப் பரப்பால் பெருக்கு, கூடவே ஒரு காஸ் தீட்டாவைப் போடு, வேலை முடிந்தது. ஆனால் இத்தனை வருடமாக டியூஷன் பிள்ளைகளின் தாளைத் திருத்திப் பார்த்ததில், இந்த ஒற்றை வரியில்தான் மதிப்பெண் கொத்தாகப் போகிறது. பெருக்கத் தெரியாமல் இல்லை. எந்தப் பரப்பு, அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இவை.

காந்தப்பாயம் என்கிறோமே, அதில் என்ன பாய்கிறது?

எதுவும் பாயவில்லை. பெயர் தண்ணீரைப் பார்த்து வைத்தது, அவ்வளவுதான். வாய்க்காலின் குறுக்கே ஒரு வளையத்தைப் பிடித்தால் அதன் வழியே தண்ணீர் போகும், அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே மாதிரி இருப்பதால் பெயரும் ஒட்டிக்கொண்டது. காந்தப்புலம் அசையாமல் அங்கேயே இருக்கிறது. ஒரு பரப்பை அது எவ்வளவு ஊடுருவுகிறது என்று சொல்லும் எண்தான் பாயம்.

எனக்குப் பிடித்த உதாரணம் வடாம் தட்டு. உச்சி வெயிலில் தட்டை மொட்டைமாடித் தரையில் கிடத்தினால் முழு வெயிலும் விழும். சாயங்காலம் நாலரை மணிக்கு அதே தட்டு அதே இடத்தில் கிடந்தால் காயாது. அதனால்தான் பாட்டி தட்டைச் சுவரில் சாய்த்து மேற்கு பார்த்து வைப்பார். தட்டின் பரப்பு மாறவில்லை, வெயில் வரும் திசையும் தட்டு பார்க்கும் திசையும்தான் ஒத்துப்போயின. பாயத்தில் இருக்கும் மூன்று சமாசாரங்களும் இதில் இருக்கின்றன: புலத்தின் வலிமை, பரப்பின் அளவு, இரண்டுக்கும் இடையிலான சாய்வு.

பாயம் = புலம் × பரப்பு × காஸ் தீட்டா

புலம் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி இருந்து, பரப்பும் தட்டையாக இருந்தால் மட்டுமே இந்த வரி செல்லும்.

கேள்வியில் 30 டிகிரி என்று கொடுத்திருந்தார்கள், நானும் காஸ் 30 போட்டேன், ஏன் தப்பு?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. சூத்திரத்தில் இருக்கும் தீட்டா, புலத்துக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடையே உள்ள கோணம். செங்குத்து என்றால் பரப்பிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோடு, தட்டின் நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைத்தது போல. வினாத்தாளில் பெரும்பாலும் 'சுருளின் தளம் புலத்துடன் 30 டிகிரி கோணத்தில் உள்ளது' என்று போட்டிருப்பார்கள். தளம் 30 டிகிரியில் இருந்தால் பென்சில் 60 டிகிரியில் இருக்கிறது.

பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரச் சுருள், புலம் 0.5 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.01 சதுர மீட்டர். புலம் தளத்துக்கு நேர் செங்குத்தாக இருந்தால் பாயம் 5 மில்லிவெபர். தளம் புலத்துடன் 30 டிகிரியில் இருந்தால் 5 × காஸ் 60, அதாவது 2.5 மில்லிவெபர். காஸ் 30 போட்டவருக்கு 4.33 வரும், பார்க்க அழகான எண்ணாகவே இருக்கும் என்பதால் சந்தேகமும் வராது.

சந்தேகம் வந்தால் கோணத்தை ஓர் ஓரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். தளம் புலத்துக்கு இணையாகப் படுத்துவிட்டால், அதாவது 30க்குப் பதில் 0 டிகிரி என்றால், புலம் பரப்பை உரசிக்கொண்டு போகுமே தவிர ஊடுருவாது, பாயம் பூஜ்யமாக வேண்டும். நீங்கள் எழுதிய வரியில் 0 போட்டால் பூஜ்யம் வருகிறதா? காஸ் 0 என்பது 1, ஆகவே நீங்கள் எழுதியது தப்பு. பத்து விநாடி வேலை இது, ஆனால் யாரும் செய்வதில்லை!

சதுர சென்டிமீட்டரில் கொடுத்தால் அப்படியே போடலாமா?

கூடாது. 1 சதுர செ.மீ. என்பது 10⁻⁴ சதுர மீட்டர், 10⁻² அல்ல. சென்டிமீட்டரை 100 ஆல் வகுத்துப் பழகிய கை இங்கேயும் 100 ஆல்தான் வகுக்கும், விடை நூறு மடங்கு பெரிதாகிவிடும். பக்கங்களை முதலில் மீட்டருக்கு மாற்றிவிட்டு அப்புறம் பெருக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

பாயத்தின் அலகு வெபர். 1 டெஸ்லா புலம் 1 சதுர மீட்டரை நேர் செங்குத்தாக ஊடுருவினால் 1 வெபர். இதையே வோல்ட்-விநாடி என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றுதான், இது ஏன் என்பது கீழே மின்னியக்கு விசை (பாயம் மாறும்போது சுருளில் தூண்டப்படும் வோல்ட்) வரும்போது தெரியும். பழைய புத்தகங்களில் காஸ் என்றொரு புல அலகு இருக்கும் (முக்கோணவியல் காஸ் வேறு, இது ஜெர்மன் கணித மேதை காஸின் பெயர்), 10,000 காஸ் சேர்ந்தால் 1 டெஸ்லா. கேட்டிங்கன் நகரத்தில் காஸும் வில்ஹெல்ம் வெபரும் கூட்டாளிகள், 1833இல் இருவரும் சேர்ந்து ஊருக்குள் ஒரு மின்தந்தியே இழுத்தவர்கள். ஒருவர் பெயர் புலத்துக்கும் மற்றவர் பெயர் பாயத்துக்கும் போனது எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம்.

புலத்தை வெக்டராகக் கொடுத்துவிட்டால் தீட்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கவே வேண்டாம். பரப்பின் செங்குத்து எந்த அச்சில் இருக்கிறதோ, புலத்தின் அந்தக் கூறை மட்டும் எடுத்துப் பரப்பால் பெருக்குங்கள். எக்ஸ் திசையில் 0.3 டெஸ்லா, இசட் திசையில் 0.4 டெஸ்லா, சுருள் எக்ஸ்-ஒய் தளத்தில், பரப்பு 0.05 சதுர மீட்டர் என்றால், செங்குத்து இசட் திசையில். 0.4 × 0.05 = 0.02 வெபர். எக்ஸ் கூறு உரசிக்கொண்டு போய்விடுகிறது. சிலர் முதலில் மொத்தப் புலம் 0.5 என்று கண்டுபிடித்து, அப்புறம் கோணம் கண்டுபிடித்து, அப்புறம் காஸ் போட்டு அதே 0.02க்கு வருவார்கள். தப்பில்லை, ஆனால் அடுத்த கேள்விக்கு நேரம் இருக்காது.

பாயம் ஸ்கேலர் என்கிறார்கள், அப்புறம் எப்படி எதிர்க்குறி வருகிறது?

வெப்பநிலைகூட ஸ்கேலர்தான், திசையில்லாத வெறும் எண், அதற்கு எதிர்க்குறி வருகிறதே. பரப்புக்கு இரண்டு முகம் உண்டு, பென்சிலை எந்த முகத்தில் நிறுத்துவது என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். நிறுத்திய பக்கமே புலமும் வெளியேறினால் நேர்க்குறி, எதிர்ப் பக்கம் என்றால் எதிர்க்குறி. எந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, நடுவில் மாற்றக்கூடாது.

மடித்த சுருள் கணக்கில் இது நன்றாகத் தெரியும். 20 செ.மீ. பக்கமுள்ள சதுரக் கம்பியை நடுவில் செங்கோணமாக மடித்து, ஒரு பாதி தரையிலும் மறு பாதி சுவரிலும் ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 0.02 சதுர மீட்டர். புலத்துக்கு மேல்நோக்கி 0.3 டெஸ்லா கூறும், சுவருக்குள் நுழையும் திசையில் 0.4 டெஸ்லா கூறும் இருக்கின்றன. தரைப் பாதிக்கு 6 மில்லிவெபர், சுவர்ப் பாதிக்கு 8, கூட்டினால் 14 என்று எழுதுவார்கள். கம்பியை மடிப்பதற்கு முன்னால் யோசியுங்கள்: தரையில் தட்டையாகக் கிடந்தபோது பென்சில்கள் எல்லாம் மேலே பார்த்தன. ஒரு பாதியைச் சுவரோடு சேர்த்து மடித்துத் தூக்கினால் அந்தப் பாதியின் பென்சில் அறைக்குள் பார்க்கும், சுவருக்குள் அல்ல. புலமோ சுவருக்குள் போகிறது. ஆகவே அது −8. மொத்தம் −2 மில்லிவெபர். புலத்தின் அந்தக் கூறு சுவரிலிருந்து அறைக்குள் வருவதாக இருந்திருந்தால் மட்டுமே 14 சரி.

சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டுமா, வேண்டாமா?

'பாயம்' என்று கேட்டால் வேண்டாம், அது ஒரு சுற்றின் வழியே போவது. 'பாயத்தொடர்பு' (எல்லாச் சுற்றுகளுக்கும் சேர்த்த மொத்தப் பாயம்) என்று கேட்டாலோ, தூண்டப்பட்ட மின்னியக்கு விசையைக் கேட்டாலோ பெருக்க வேண்டும். கேள்வியை இரண்டு முறை படியுங்கள், அவ்வளவுதான்.

வரிச்சுருளைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போட்டால் எந்தப் பரப்பை எடுப்பது?

புலம் எங்கே இருக்கிறதோ அந்தப் பரப்பை. நீண்ட வரிச்சுருளின் (குழாய் போல நெருக்கமாகச் சுற்றிய கம்பியின்) புலம் அதன் உள்ளே அடங்கிவிடுகிறது, வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரிச்சுருளின் ஆரம் 2 செ.மீ., உள்ளே 0.03 டெஸ்லா, வெளி வளையத்தின் ஆரம் 5 செ.மீ. என்றால், எடுக்க வேண்டியது 2 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு. சுமார் 0.00126 சதுர மீட்டர், பாயம் 3.8 × 10⁻⁵ வெபர். வளையத்தின் பரப்பைப் போட்டால் ஆறேகால் மடங்கு அதிகமாக வரும். வளையம் வரிச்சுருளுக்கு உள்ளே சின்னதாக இருந்தால் மட்டும் கதை தலைகீழ், அப்போது வளையத்தின் பரப்பு.

இதில் ஒரு வேடிக்கை, வெளி வளையத்தின் கம்பி இருக்கும் இடத்தில் புலமே இல்லை. ஆனாலும் வரிச்சுருளின் மின்னோட்டத்தை மாற்றினால் அந்த வளையத்தில் மின்னியக்கு விசை தூண்டப்படும். கம்பியைப் புலம் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வளையம் சூழ்ந்திருக்கும் பரப்புதான் கணக்கு.

அரைக்கோளத்தின் வழியே பாயம் கேட்டால் வளைபரப்பு முழுவதும் தொகையிட வேண்டுமா?

ஆசைப்பட்டால் செய்யலாம். ஆனால் அரைக்கோளத்தின் அடியை ஒரு வட்டத் தட்டால் மூடிப் பாருங்கள், அது ஒரு மூடிய பரப்பு ஆகிவிடும். மூடிய பரப்பு எதுவாக இருந்தாலும் அதன் வழியே மொத்தக் காந்தப்பாயம் பூஜ்யம், நுழைந்ததெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே தட்டு வழியே நுழைந்த அளவுதான் குவிமாடம் வழியே வெளியேறுகிறது. ஆரம் 10 செ.மீ., புலம் 0.2 டெஸ்லா, அடித்தட்டுக்குச் செங்குத்து என்றால், தட்டின் பரப்பு 0.0314, பாயம் 6.3 மில்லிவெபர். வளைபரப்பு இதைப்போல இரண்டு மடங்கு பெரியது என்பதால் 12.6 என்று எழுதுவது வழக்கமான தவறு.

ஒரு சட்டக் காந்தத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாலும் பெட்டியின் வழியே மொத்தப் பாயம் பூஜ்யம்தான். வட முனையை மட்டும் பெட்டி சூழ்ந்து, காந்தத்தின் மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே பூஜ்யம்! காந்தத்தின் உடம்புக்குள்ளேயும் புலம் இருக்கிறது, அது தெற்கிலிருந்து வடக்காக ஓடிப் பெட்டிக்குள் நுழைந்துவிடுகிறது. மின்னூட்டத்துக்கு இப்படி இல்லை, ஒற்றை நேர் மின்னூட்டத்தைப் பெட்டிக்குள் வைத்தால் மின்பாயம் வெளியே வந்துகொண்டே இருக்கும். தனிக் காந்த முனை இதுவரை யாருக்கும் அகப்படவில்லை என்பதைத்தான் இந்தப் பூஜ்யம் சொல்கிறது.

புலம் இடத்துக்கு இடம் மாறினால்?

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள், தொகையீட்டுக் குறியைப் பார்த்தவுடன் பயம் வந்துவிடும். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நீளமான நேர்க்கம்பி ஒன்றில் 10 ஆம்பியர் ஓடுகிறது. அதே தளத்தில் ஒரு செவ்வகம், கம்பிக்கு இணையான பக்கம் 20 செ.மீ., அகலம் 10 செ.மீ., அருகில் உள்ள விளிம்பு கம்பியிலிருந்து 2 செ.மீ., தூரத்து விளிம்பு 12 செ.மீ. கம்பியிலிருந்து தூரம் கூடக்கூடப் புலம் தேய்கிறது: 2 × 10⁻⁷ × மின்னோட்டம் ÷ தூரம். அருகில் உள்ள விளிம்பில் 100 மைக்ரோடெஸ்லா, தூரத்து விளிம்பில் 17 கூட இல்லை. எந்த எண்ணைப் பரப்பால் பெருக்குவது?

ஒருவர் இரண்டு விளிம்புகளின் சராசரியை எடுப்பார், விடை 1.17 மைக்ரோவெபர். இன்னொருவர் நடுப்புள்ளியில், 7 செ.மீ. தூரத்தில், உள்ள புலத்தை எடுப்பார், விடை 0.57. இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம், இரண்டும் தப்பு.

சரி, கேக் வெட்டுவது போல வெட்டுங்கள். செவ்வகத்தைக் கம்பிக்கு இணையாக 2 செ.மீ. அகலமுள்ள ஐந்து பட்டைகளாகப் பிரித்தால் அவற்றின் நடுக்கோடுகள் 3, 5, 7, 9, 11 செ.மீ. தூரத்தில் வரும். ஒவ்வொரு பட்டையின் பரப்பும் 0.004 சதுர மீட்டர். அந்தந்த இடத்துப் புலத்தைப் போட்டுப் பெருக்கிக் கூட்டினால் 0.70 மைக்ரோவெபர் வருகிறது. கால்குலேட்டரில் இரண்டு நிமிடம். பட்டைகளை இன்னும் மெலிதாக்கிக்கொண்டே போனால் விடை ஓர் எண்ணில் போய் நிற்கும், அந்தக் கூட்டலின் சுருக்கெழுத்துதான் தொகையீட்டுக் குறி. ஒன்றின் கீழ் தூரம் என்பதைத் தொகையிட்டால் இயல் மடக்கை வரும் என்று கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே:

பாயம் = 2 × 10⁻⁷ × மின்னோட்டம் × நீளம் × இயல் மடக்கை (தூரத்து விளிம்பு ÷ அருகு விளிம்பு)

12 ÷ 2 = 6, அதன் இயல் மடக்கை 1.79, விடை 0.72 மைக்ரோவெபர். ஐந்தே பட்டை போட்டதற்கே இரண்டு சதவீதம்தான் பிசகு.

எப்படி வெட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம். ஒரு பட்டைக்குள் புலம் மாறக்கூடாது, அப்படி வெட்ட வேண்டும். இங்கே கம்பிக்கு இணையான பட்டையில் எல்லாப் புள்ளியும் ஒரே தூரத்தில் இருக்கின்றன, அதனால் சரி. குறுக்கே வெட்டியிருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் அதே தொல்லை மறுபடி வந்திருக்கும். இன்னொன்று, அருகு விளிம்பைக் கம்பி மேலேயே கொண்டுபோய் வைக்காதீர்கள், பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். நிஜக் கம்பிக்குத் தடிமன் உண்டு, சூத்திரத்தில் இருக்கும் கம்பிக்கு இல்லை.

பாயம் பூஜ்யமாக இருக்கும்போது மின்னியக்கு விசை அதிகபட்சம் என்கிறார்களே, அது எப்படி?

மின்னியக்கு விசைக்குப் பாயம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் வேண்டும். ஊஞ்சல் மாதிரி. உச்சியில் உயரம் அதிகம், வேகம் பூஜ்யம். அடியில் உயரம் குறைவு, வேகம் அதிகம். சுழலும் சுருளில் பாயம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் அது ஏறுவதை நிறுத்தி இறங்கப்போகிறது, மாறுவதே இல்லை. பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான் தலைதெறிக்க மாறுகிறது.

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியில் இணைத்தபோது மற்றதன் பக்கத்தில் இருந்த காந்த ஊசி ஒரு முறை துள்ளிவிட்டு நின்றுவிட்டது. பேட்டரி இணைப்பிலேயே இருந்தது, ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் துள்ளியது. இருப்பது பயனில்லை, மாறுவதே வேலை செய்கிறது என்று அந்த ஊசி காட்டிவிட்டது.

கணக்கில் இப்படி வரும்: 200 சுற்று, பரப்பு 20 சதுர செ.மீ., புலம் 0.1 டெஸ்லா, சுருளை 0.1 விநாடியில் குப்புறக் கவிழ்க்கிறோம். முதலில் 2 × 10⁻⁴ வெபர், கடைசியில் −2 × 10⁻⁴. மாற்றம் 4 × 10⁻⁴, பூஜ்யமல்ல! அதை 200 ஆல் பெருக்கி 0.1 ஆல் வகுத்தால் சராசரி 0.8 வோல்ட். வெபரை விநாடியால் வகுத்தால் வோல்ட் வருகிறது பாருங்கள், வெபர் என்பது வோல்ட்-விநாடி என்று மேலே சொன்னது இதனால்தான்.

என் அறையின் தரை வழியே பூமியின் காந்தப்பாயம் எவ்வளவு?

எந்த ஊரில் இருக்கிறீர்கள்? தமிழ்நாட்டில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிக்குப் பக்கத்தில் போவதால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டம். தரையின் பென்சிலோ மேலே பார்க்கிறது. ஆகவே தரை வழியே பாயம் ஏறக்குறைய பூஜ்யம், வடக்குச் சுவர்தான் மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 12 × 40 மைக்ரோ, அதாவது சுமார் 0.48 மில்லிவெபர். டெல்லியில் காந்தச்சரிவு (புலம் கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம்) 40 டிகிரிக்கும் மேல், அங்கே அதே அளவுத் தரை வழியே கணிசமான பாயம் இறங்கும். அறையும் அதே அளவு, புலமும் பெரிய வித்தியாசமில்லை, சாய்வு மட்டும் வேறு.

இதை வீட்டில் அளந்து பார்க்க முடியுமா?

பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் திசைகாட்டிக்காக ஒரு காந்த உணரி உள்ளே இருக்கிறது. உணரி எண்களைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டால் எக்ஸ், ஒய், இசட் மூன்று கூறுகளும் மைக்ரோடெஸ்லாவில் வரும். இசட் என்பது திரைக்குச் செங்குத்தான கூறு. போனை எந்தப் பரப்பின் மேல் ஒட்டி வைக்கிறீர்களோ, அந்தப் பரப்புக்கான காஸ் தீட்டாவை இசட் எண் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது, சதுர மீட்டரால் பெருக்கினால் போதும். முதலில் போனைக் காற்றில் 8 போடுவது போல நாலைந்து முறை சுழற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள். இரும்புக் கட்டில், பீரோ, ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், கான்கிரீட் சுவருக்குள் இருக்கும் கம்பிகூட எண்ணைக் கெடுக்கும். மொட்டைமாடியைவிட மைதானம் நல்லது. திருநெல்வேலியில் இருப்பவர் போனைத் தரைக்குக் கிடையாகப் பிடித்து இசட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் திரை வடக்கு பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து மறுபடி பார்க்கட்டும்.